கற்பனை மதத்துக்கு மறுமை கட்டுவது: தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைப்பகுதியைப் போன்ற ஒரு நிலத்தில் மிகைபுனைவு (ஃபேன்டசி) நாவல் எழுதுகிறீர்கள். அந்த மக்களுக்கு ஒரு மதத்தையும் நீங்களே உருவாக்கியிருக்கிறீர்கள். அதில் 7 மேலுலகம், 7 கீழுலகம், நடுவில் தராசோடு ஒரு நீதிபதி. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து வரைபடமும் போட்டுவிட்டீர்கள். ஆனால் படித்த நண்பர்கள் மறுமை வரும் அத்தியாயங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கே தவறு, எப்படிச் சரிசெய்வது என்பது உங்கள் கேள்வி.

உங்கள் 14 உலகங்களுக்கும் கீழே நிற்கத் தரை இல்லை. செத்தவர் எங்கே போகிறார் என்று விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். சாவு வீட்டில் மறுநாள் விடிந்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நம் ஊரில் ஒருவர் இறந்தால் சொர்க்கத்தின் வரைபடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொள்ளி வைப்பது யார், மாமன் வீட்டுக் கோடித் துணி வந்துவிட்டதா, கருமாதி என்றைக்கு என்றுதான் பேச்சு ஓடும். கொள்ளிக்குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் குடம், உடலைச் சுற்றி மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு துளை, ஒழுகும் தண்ணீர், கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது. உறவு எப்படி ஒழுகித் தீர்கிறது, எந்தக் கணத்தில் அறுகிறது, அறுந்தபின் எது கூடாது என்பதெல்லாம் ஒரு மண்குடத்துக்குள் இருக்கிறது. மறுமைக் கொள்கையைச் சடங்கிலிருந்து எடுங்கள். கொள்கையை முதலில் எழுதிவிட்டுச் சடங்கை ஒட்டவைத்தால் அது ஒட்டாது.

சடங்குக்கு வேண்டிய பொருளை வெளியில் தேட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் பாறைமேட்டின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். நிறுத்திய பலகை ஒன்றில் வட்டமாக ஒரு துளை, இடுதுளை என்பார்கள். இறந்தவருக்காகக் கட்டிய அறைக்கு எதற்குத் துளை? உள்ளே எதையாவது கொடுக்கவா, உள்ளிருப்பது வந்து போகவா? இந்தக் கேள்வியை உங்கள் மதத்தின் நடுவில் வையுங்கள். ஊர்க்காரர்கள் இந்தக் கற்களுக்கு வைத்திருக்கும் பெயர்களிலும் கவனிக்க ஒன்று உண்டு. பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று இடத்துக்கு ஒரு பெயர், ஆனால் இந்த மூன்றிலும் ‘வீடு’ இருக்கிறது.

அடுத்தது நடுகல். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், புலியைக் குத்திச் செத்தவன், உடன் மாய்ந்த மனைவி என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கல். பழைய கற்களில் வீரன் மட்டும் வில்லோடும் வாளோடும் நிற்பான். பிற்காலக் கற்கள் சிலவற்றில் மூன்று அடுக்கு இருக்கும். கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் தூக்கிப்போவது, மேலே மேலுலகம். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய கல் அது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு கோவிவன் என்ற நாயையும் செதுக்கி, அது கள்ளர் இருவரைக் கடித்ததையும் எழுதிவைத்திருக்கிறது. உங்கள் மதத்தில் விலங்குக்கு மறுமை உண்டா என்று யோசிக்கும்போது இந்தக் கல்லை மறக்காதீர்கள்.

மூன்றாவது பாட்டு. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றின் 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். உயர்ந்த மலைகளோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை ஏற்றுக்கொள்வானோ என்று கேட்கிறார். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே, நடத்துகிறவர்கள் பக்கத்திலேயே அந்தச் சந்தேகம் எழுகிறது. 93ஆம் பாட்டிலும் ஔவையார்தான். நோயில் செத்த அரசரின் உடலைத் தருப்பைமேல் கிடத்தி, போரில் விழுந்தவர் போன இடத்துக்கு நீயும் போ என்று வாளால் பிளந்து அடக்கும் வழக்கத்தைச் சொல்கிறார். அதாவது விதியும் இருக்கிறது, விதியைத் தாண்டுவதற்கு ஒரு மாற்றுச் சடங்கும் இருக்கிறது. உயிருள்ள மதம் என்று படிக்கிறவரை நம்பவைப்பது இந்த மாற்றுவழிகள்தாம். உங்கள் தராசுக்காரரிடம் ஒரு மாற்றுவழியும் இல்லை, அதனால்தான் அவர் கதையில் அசையாமல் நிற்கிறார்.

இனி கட்டுவோம். கீழே வருவது முழுக்கக் கற்பனை, உங்களுக்கான மாதிரி. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இது வறண்ட மேட்டு நிலம். ஆறு எங்கோ பள்ளத்தில் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் மனிதனைப் பற்றிய முதல் உண்மை தாகம். ஆகவே இவர்கள் மதத்தில் மனிதன் மூன்று பொருளால் ஆனவன்: உடல், பேர், தாகம். செத்தால் உடல் மண்ணோடு போய்விடும், அதைப் பற்றி மேலே பேச்சில்லை. பேரும் தாகமும் பிரியாமல் வாசலில் நிற்கும். தாகத்தை ஆற்றில் கொண்டுபோய் விட்டு, பேரை மட்டும் கல்லில் திரும்ப அழைத்துவர வேண்டும். மறுமை என்பது இவ்வளவுதான். மேலுலகமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பேர் கல்லில் தங்கியவர் ஊர்க்காவலில் சேர்ந்துவிடுகிறார். தங்காதவர் தாகமாகவே அலைகிறார்.

இதற்கு 64 நாள், நான்கு கட்டம், கட்டத்துக்கு 16 நாள். பழைய முகத்தலளவையை வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. முதல் கட்டத்தில் நாளுக்கு ஒரு நாழித் தண்ணீர் வாசற்படியில் ஊற்றவேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஓர் உரி, ஊர் எல்லையில். மூன்றாவதில் ஓர் உழக்கு, ஆற்றங்கரையில். நான்காவதில் ஓர் ஆழாக்கு, கல்லின் துளையில். தாகம் பாதி பாதியாகக் குறைகிறது, ஆனால் மூன்றாம் கட்டம் வரை சுமக்கும் தூரம் கூடுகிறது. மொத்தம் 16 + 8 + 4 + 2, ஆக 30 நாழி. ஒரு சாவுக்கு 30 நாழி என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. பஞ்ச வருஷத்தில் ஒரே வீட்டில் மூன்று சாவு விழுந்தால் 90 நாழி. 96 நாழி ஒரு கலம் என்பதால், அந்த வீடு ஏறக்குறைய ஒரு கலம் தண்ணீரைச் செத்தவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கட்டுத்தறியில் ஆடு கத்திக்கொண்டிருக்கும். இந்த ஓர் அத்தியாயத்துக்கு இருக்கும் அழுத்தம் ஏழு நரகத்தையும் சுற்றிக் காட்டினாலும் வராது.

கல் வேலையும் இதோடு சேர்ந்து நடக்க வேண்டும். நடுகல் எடுப்பதில் தொல்காப்பியம் சொல்லும் படிகள் ஆறு: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். இதை உங்கள் 64 நாளுக்குள் பரப்பிவிடலாம். முதல் 16 நாளுக்குள் கல்லைப் பார்த்துத் தேர்ந்துவிட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பெயர்த்து எல்லைக்குக் கொண்டுவரும் வேலை. மூன்றாம் கட்டத்தில் கல் ஆற்றங்கரையில் கிடக்கும், தினமும் நீராட்டு. 48ஆம் நாள் மாலை ஊருக்குத் தூக்கிவந்து நடுவது. 64ஆம் நாள் படையலும் வாழ்த்தும். கல்லைத் தூக்கும்போது தோள்மாற்ற எத்தனை பேர், வழியில் கீழே வைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். கருங்கல் பலகை ஆளுயரத்தில், ஒரு சாண் கனத்தில் இருந்தாலே நாலு பேர் தூக்க முடியாது. தண்டும் வடக்கயிறும் வண்டியும் வேண்டும். ஏழை வீட்டுக்குக் கல் முழங்கால் உயரம்தான் வரும். உயரத்தில் மறுமைக்கு வேறுபாடு இல்லை என்று மதம் சொல்லட்டும், ஊர் அதை நம்பாமல் இருக்கட்டும்.

துளைக்கு ஓர் அளவு தேவை. விரல்களைச் சேர்த்து நீட்டிய கை நுழைய வேண்டும், மூடிய கை வெளியே வரக்கூடாது. உள்ளே கொடுக்கலாம், ஒன்றையும் எடுத்துக்கொண்டு வர முடியாது. கல்தச்சர் இந்த அளவைத் தன் கையை வைத்து எடுப்பாரா, செத்தவரின் மகன் கையை வைத்தா? மகன் கை என்றால் பத்து வயதுப் பையன் தகப்பனுக்குக் கல் நட்ட வீட்டில், அவன் வளர்ந்தபின் துளையில் கை நுழையாது.

தண்ணீருக்கும் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு வீட்டிலிருந்து கொண்டுபோன உழக்குத் தண்ணீரை ஊற்றுவது வேடிக்கையாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. செத்தவருக்குத் தன் வீட்டுத் தண்ணீரின் ருசி மட்டும்தான் அடையாளம், ஆற்று நீர் எல்லாருக்கும் பொது. பொதுக்கிணற்றில் இறைத்தாலும் ஒரு ராத்திரி அந்த வீட்டுப் பானையில் உறங்கினால் அது வீட்டுத் தண்ணீர் ஆகிவிடும். இந்த ஒரு விதியால் கடன் வாங்கிய தண்ணீர், திருடிய தண்ணீர், பானை உடைந்த இரவு எல்லாமே கதைக்குள் வந்துவிடும். ஆறு அரை நாள் நடை என்று வையுங்கள். போய்வர ஒரு முழு நாள். 16 நாள் ஓர் ஆள் வேலைக்கு வரமாட்டார். அது கேழ்வரகு விதைக்கும் நேரமாக அமைந்துவிட்டால் அந்த வீட்டின் அடுத்த வருஷமே தள்ளாடும்.

தவறினால் என்ன என்பதை நாளோடும் அளவோடும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அந்தக் கட்டம் முதலிலிருந்து. முந்தைய கட்டங்கள் நிற்கும். இரண்டாம் கட்டத்தின் கடைசி நாளில் விட்டால் 15 நாள் ஊற்றிய ஏழரை நாழி வீண், இன்னொரு 16 நாள் தொடங்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்து கரைக்குப் போக முடியாத நாள் கணக்கில் சேருமா? இந்த மாதிரிக் கேள்விக்கு மதத்தில் இரண்டு பதில் இருக்க வேண்டும், பதிலுக்கு ஒரு கட்சி. ஒரு தரப்பு, வெள்ளம் என்பது ஆறே வாசலுக்கு வருவது, அன்றைக்கு ஊற்ற வேண்டாம் என்று சொல்லட்டும். இன்னொரு தரப்பு, கடக்க முடியாததைக் கடப்பதற்குத்தானே மகன் என்று சொல்லட்டும். தண்ணீருக்குப் பதில் கள் ஊற்றலாமா என்பதும் இப்படி ஒரு பழைய சண்டையாக இருக்கலாம். நூலாசிரியராக நீங்கள் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

விதி எல்லையில் நிற்கிறவர்களை இப்போது ஒவ்வொருவராக நிறுத்திப் பாருங்கள். பேர் வைக்காமல் இறந்த குழந்தைக்குக் கல் கிடையாது, அழைத்துவரப் பேர் இல்லையே. தாகம் மட்டும் உண்டு, சின்னத் தாகம். 16 நாள், ஆழாக்கு வீதம், மொத்தம் 2 நாழி, வாசலில். ஆனால் ஒரு தாய் யாருக்கும் சொல்லாமல் ஏற்கெனவே பேர் வைத்துவிட்டாள் என்றால்? அவளுக்கு மட்டும் தெரியும், 28 நாழி பாக்கி இருக்கிறது, ஒரு கல் நடாமல் கிடக்கிறது.

அருவியில் விழுந்து உடல் கிடைக்காதவர்கள் விஷயம் எளிது, ஏனென்றால் இந்த மதத்தில் உடலுக்கு வேலையே இல்லை. சிக்கல் நாள்கணக்கில் வருகிறது. செய்தி வந்த நாளே முதல் நாள் என்று வைத்தால், மேற்கே பட்டணத்துக்குப் போனவர் செத்ததாக வந்த பொய்ச்செய்தியை நம்பி ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். 50ஆம் நாள் அவர் உயிரோடு வந்து நிற்பார். கல் நட்டாகிவிட்டது. தாகம் ஆற்றோடு போய்விட்டது. அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, அவர் கேட்பாரா? ஊரே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சொம்பை எடுக்கிறாரா என்று.

உங்கள் கதையில் செத்தவரை எழுப்பும் மருத்துவச்சி ஒருத்தி வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மிகைபுனைவில் மறுமை சரிந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எழுப்ப முடியும் என்றால் எதற்கு அழ வேண்டும்? ஆகவே ஒரு கோடு கிழியுங்கள். முதல் நாழி வாசலில் விழும்வரைதான் எழுப்பலாம். விழுந்துவிட்டால் பேரும் தாகமும் நடக்கத் தொடங்கிவிட்டன, திரும்பாது. மருத்துவச்சி இரண்டு மலைக்கு அப்பால் இருக்கிறாள். வீட்டார் ஊற்றாமல் காத்திருக்கிறார்கள். வாசலில் நிற்கிறவருக்கோ தாகம் ஏறிக்கொண்டே போகிறது. ஊற்றுவதா காத்திருப்பதா என்று மனைவிக்கும் தாய்க்கும் வரும் வாக்குவாதத்தை எழுதுங்கள்.

இதில் பணமும் நிலமும் எங்கே புகுகிறது என்று பார்க்காமல் விட்டால் மதம் காற்றில் நிற்கும். ஊற்றியவருக்கே நிலம் என்பது ஊர்ச்சட்டம். மகள் ஊற்றினால்? பண்ணையாள் 64 நாளும் ஊற்றி, மகன் 60ஆம் நாள் வந்து சேர்ந்தால்? ஆளில்லாதவர்களுக்குக் கூலிக்கு ஊற்ற ஊற்றுக்காரர் என்று ஒரு தொழில் தானாக முளைக்கும். அவர் கையில் இருக்கும் நாழி ஊர் முத்திரை போட்டது. அதன் அடிப்பாகத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்வாங்க வைத்தால் வெளியே தெரியாது, பிடிக்கும் அளவு குறையும். 16 நாளில் எவ்வளவு குறைந்தது, அது யாருக்குக் குறைந்தது என்று ஒருநாள் யாராவது அளந்து பார்ப்பார்கள். கெட்ட மந்திரவாதி தேவையே இல்லை, உள்வாங்கிய ஒரு நாழி போதும்.

பேச்சுமொழியையும் இதிலிருந்தே எடுங்கள். அந்த ஊரில் ‘செத்துப்போனார்’ என்று சொல்லமாட்டார்கள். ‘தண்ணி கேக்கறாரு’ என்பார்கள். 64 நாள் முடிந்தால் ‘கல்லாயிட்டாரு’. திட்டுவது, ‘உனக்கு ஆழாக்கு ஊத்த ஆளிருக்காது’. பிள்ளை பிறந்த வீட்டில் வாழ்த்துவது, ‘முப்பது நாழி வந்துடுச்சி’. இப்படி நாலு வழக்குச் சொல் சரியாக விழுந்துவிட்டால் கொள்கையை விளக்கும் பத்திகளை அடித்துவிடலாம்.

செய்யக்கூடாதவை சில. ஒகேனக்கல் நினைவுக்கு வந்ததும், பரிசல்காரரைச் செத்தவரை அக்கரை சேர்ப்பவராக வைக்கத் தோன்றும். அது கிரேக்கக் கதை. இங்கே கொண்டுவந்தால் வேஷம் தெரியும். பரிசலை விட மனமில்லை என்றால் அதன் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். வட்டமான படகுக்கு முன்னும் பின்னும் இல்லை, சுழன்றுகொண்டே போகும். உள்ளே இருப்பவருக்கு எந்தக் கரையை விட்டோம் என்றே தெரியாது. அடுத்து, வேடியப்பன் இன்றைக்கும் கும்பிடப்படும் சாமி. இந்தப் பக்கத்தில் பல நடுகற்கள் அந்தப் பெயரில்தான் பூசை வாங்குகின்றன. அந்தப் பெயரையோ வேறு எந்தக் குலசாமியின் பெயரையோ எடுத்து உங்கள் கற்பனை விதிகளை ஏற்றாதீர்கள். ஊற்றுக்காரர் போன்ற தொழிலுக்கு எந்த உண்மையான சாதியின் சாயலும் வரக்கூடாது. கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் எழுத்து தெரியச் சுண்ணாம்பு பூசுவதும் கல்திட்டையின் மேல் ஏறி நிற்பதும் வேண்டாம். புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டியவர்களால் ஏற்கெனவே இழந்தது அதிகம்.

உங்கள் 14 உலகங்களைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. அவற்றைப் பட்டணத்து மடத்தில் இருக்கும் படித்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஏடுகளில் 14 உலகமும் தராசும் இருக்கட்டும், அவர்கள் அதைப் பற்றி வாதம் செய்யட்டும். ஊரில் தண்ணீர் சுமக்கிறவளுக்குத் தெரிந்தது நான்கு இடம்தான்: வாசல், எல்லை, கரை, கல். மடத்து இளைஞன் ஒருவன் அவளிடம் வந்து ஐந்தாம் மேலுலகத்தின் பெயரைச் சொல்லும்போது அவள் குடத்தை இறக்காமல் கேட்பாள்.

எழுதத் தொடங்கும்போது சாவை எழுதாதீர்கள், 65ஆம் நாள் காலையை எழுதுங்கள். முந்தின நாளோடு எல்லாம் முடிந்தது. கல்லாயிட்டாரு. இத்தனை நாள் ஊற்றியவள் விடிகிற நேரத்தில் பழக்கத்தில் எழுந்து, ராத்திரி உறங்கிய பானையிலிருந்து ஓர் ஆழாக்கு முகந்துவிட்டாள். கையில் தண்ணீர், ஊற்ற இடமில்லை. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று மட்டும் உங்கள் மதத்தில் விதி எழுதாதீர்கள்.